பதினேழாம் தாளின் பாறை

அலுவலகத்தில் அவளுக்குப் பெயர் பிளேடு. பேசியே ஆளை அறுப்பவள் என்று நினைத்துவிட வேண்டாம். அவள் வாய் திறப்பதே அபூர்வம். வரைபட அலுவலகத்தின் இரண்டாம் மாடியில், வடக்கு ஜன்னலை ஒட்டிச் சாய்மேசை போட்டு உட்கார்ந்திருப்பாள். பேனா பெட்டிக்குள் பாதியாக உடைத்த ஒரு சவர பிளேடு எப்போதும் இருக்கும். படி எடுக்கும் மெழுகுத் துணியான டிரேசிங் துணியில் மை தப்பாக விழுந்துவிட்டால் காயவிட்டு, பிளேடின் முனையால் சுரண்டி எடுக்க வேண்டும். அந்தக் கலையில் அவளை மிஞ்ச ஆளே கிடையாது. மூச்சை அடக்கிக்கொண்டு சுரண்டுவாள். மை பொடியாகி எழும்பி வரும். ஒரே ஒரு ஊது. அங்கே தப்பு நடந்ததற்கு ஒரு தடயமும் இருக்காது.

அந்த மாடியில் யார் சொதப்பினாலும் தாளைத் தூக்கிக்கொண்டு அவளிடம்தான் ஓடி வருவார்கள். சரிசெய்து கொடுத்துவிட்டு, கூடவே ஒரு குட்டும் வைப்பாள். கண் மேசையில் இருக்க வேண்டும், ஜன்னலில் இருக்கக் கூடாது என்பாள். வாங்கிக் கட்டிக்கொண்டு போகிறவர்கள், இந்த அம்மா கையில் ஒரு சொட்டாவது சிந்தியிருக்குமா என்று தங்களுக்குள் முணுமுணுத்துக்கொள்வார்கள்.

சிந்தியிருக்கிறது. ஒரே ஒரு சொட்டு. முப்பத்தைந்து வருடமாக அது யாருக்கும் தெரியாது.

வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வருடம் அது. கடலோர வரைபடத் தாள்களில் பதினேழாவது அவள் கைக்கு வந்தது. பழைய தாள் நைந்துபோயிருந்தது. அதன் மேல் புதுத் துணியை விரித்து, கோட்டின் மேல் கோடு வைத்துப் படி எடுக்க வேண்டும். இருபத்தாறு நாள் வேலை. கரை நெடுக வளைவும் நெளிவும். நடுவில் ஒரு சின்னஞ்சிறு மீனவ கிராமம், ஒரு பள்ளிக்கூடம், ஒரு கிணறு. கரையைத் தாண்டிவிட்டால் கடல். படம் வரைகிறவர்களுக்குக் கடல் வந்தால் கொண்டாட்டம்தான், அங்கே வேலையே இல்லை. மை படாத இடம்தான் கடல்.

அதுவரைக்கும் அவள் கடலைப் பார்த்ததில்லை. கடைசி நாள் மத்தியானம், எல்லாம் முடிந்துவிட்ட நேரம், இத்தனை பெரிய இடத்தை வெள்ளையாக விட்டுவிட்டோமே, நிஜத்தில் அது என்ன நிறமாக இருக்கும் என்று ஒரு யோசனை வந்தது. யோசித்துக்கொண்டே ஜன்னலைப் பார்த்தாள். அவ்வளவுதான். பேனா முனையில் தொங்கிக்கொண்டிருந்த சொட்டு, கிராமத்துக்கு நேர் எதிரே, தண்ணீரில் பொட்டென்று விழுந்தது.

சுரண்டியிருக்கலாம். ஆனால் அதே இடத்தில் முந்தின வாரம் ஸ்கேல் வழுக்கி ஒரு கோடு இழுபட்டு, ஏற்கெனவே ஒருமுறை சுரண்டியாகிவிட்டது. துணி அங்கே வெங்காயத் தோல் மாதிரி இருந்தது. இன்னொரு தடவை பிளேடு பட்டால் ஓட்டைதான். ஓட்டை விழுந்தால் இருபத்தாறு நாளும் போச்சு. நாலு மணிக்குத் தாள் அச்சுக்குப் போயாக வேண்டும். கடலில் இருக்கும் பாறைக்கு அந்த அலுவலகத்தில் ஒரு குறி உண்டு. நடுவில் ஒரு புள்ளி, அதைச் சுற்றிப் பொடிப்பொடியாய் ஒரு வளையம். அவள் கை தானாகவே அந்த வளையத்தைப் போட்டது. ஒன்பது பொடிப் புள்ளிகள். சொட்டு பாறையாகிவிட்டது. சரிபார்க்கும் பெரியவர் சாப்பாட்டு டப்பாவை ஒரு கையில் பிடித்துக்கொண்டே மறு கையால் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

அன்றிலிருந்து அவள் கடல் பக்கமே தலை வைத்துப் படுக்கவில்லை. கல்யாணமாகி முப்பது வருடம். வீட்டுக்காரர் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். மூன்று மணி நேர ஓட்டத்தில் கடல் இருக்கிறது, விடுமுறை தவறாமல் கேட்பார். மணல் ஒத்துக்காது என்று ஒரே வரியில் முடித்துவிடுவாள். என் பெண்டாட்டிக்கு உலகத்தில் யாரையும் பயமில்லை, மணலைத் தவிர என்று அவரும் ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்தார்.

இப்போது ஓய்வு பெற நாலு மாதம் இருக்கும்போது வந்தது வினை. தாள்களை எல்லாம் கணினிக்கு மாற்றுகிறார்கள். புதிதாக வந்த அதிகாரி ஒரு பெண். பிளேடின் வயதில் பாதிதான் இருக்கும், ஆனால் படு கண்டிப்பு. பழைய தாளில் இல்லாத குறி புதுத் தாளில் இருந்தால், வரைந்தவரே எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும் என்று உத்தரவு. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒரு படிவம் அவள் மேசைக்கு வந்தது. பதினேழாம் தாள். கடலில் பாறை ஒன்று. பழைய தாளில் இல்லை. கீழே இரண்டு கட்டங்கள்: உறுதி, நீக்கம். திங்கட்கிழமை பத்து மணிக்குள் தர வேண்டும்.

உறுதி என்று டிக் அடித்தால் பொய்க்குக் கையெழுத்து. நீக்கம் என்றால் காரணம் எழுத வேண்டும். காரணம் எழுதினால் முப்பத்தைந்து வருடப் பிளேடு கடைசி நாலு மாதத்தில் மழுங்கிப்போகும். இது போதாதென்று மூன்றாவதாக ஒரு பயம் அவளை அரித்தது. தாளை நம்பி யாராவது ஏதாவது செய்திருந்தால்? அந்தப் பொய்ப் பாறையால் யாருக்காவது கெடுதல் நடந்திருந்தால்?

சனிக்கிழமை காலையில், நாளைக்குக் கடலுக்குப் போகலாமா என்று வீட்டுக்காரரிடம் கேட்டாள். பல் தேய்த்துக்கொண்டிருந்தவர் நுரையை விழுங்கிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும், பதினேழாம் தாளில் இருந்த அதே மீனவ கிராமத்துக்கு, பள்ளிக்கூட வேனிலேயே கிளம்பினார்கள். கூடவே நாத்தனார். தபால் அலுவலகத்தில் முத்திரை குத்தும் வேலை அவளுக்கு. எதைச் சொன்னாலும் முத்திரை குத்துவது போலத்தான் சொல்வாள். குழந்தைகளுக்கான சீட்டுகள், முழங்கால் முகவாயைத் தொட்டது. ஜன்னல் கண்ணாடி முழுக்க யாரோ ஒட்டிய நட்சத்திரங்களும் பல்லிளிக்கும் பூனைகளும். அவற்றுக்கு நடுவே வயல்களும் ஆலைகளும் போய்க்கொண்டிருந்தன. அவள் மடியில் கைப்பை, கைப்பைக்குள் படிவம். திறக்காமலே அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

போகிற ஊருக்கு ஒரு கதை உண்டு என்று நாத்தனார் ஆரம்பித்தாள். வாரப் பத்திரிகையில் படித்தாளாம்.

அந்த ஊரில் ரொம்பக் காலத்துக்கு முன்னால் வீடு கட்டுகிற ஒரு பெண் இருந்தாளாம். ஊரில் உள்ள வீடெல்லாம் அவள் கட்டியதுதானாம். புருஷன் ஒருநாள், நீ கட்டின வீட்டில் காற்றே வரவில்லை என்று சொல்லிவிட்டான். அவளுக்கு வந்ததே ரோஷம். கல்லையும் கொத்துக் கரண்டியையும் எடுத்துக்கொண்டு நேராகக் கடலுக்குள் இறங்கினாள். தண்ணீருக்கு அடியில் ஒரு வீடு கட்டினாள். வாசற்படியை மட்டும் தண்ணீருக்கு மேலே விட்டுவைத்தாள், யாராவது பார்க்க வந்தால் கால் வைக்க இடம் வேண்டுமே என்று. புருஷன் ஆயுசு முழுக்கத் தேடினான், அவன் கண்ணுக்கு அது படவே இல்லை. படி பெண்களுக்கு மட்டும்தான் தெரியும். தெரிந்து, அதில் கால் வைத்து உள்ளே போனவர்கள் திரும்பியதில்லை. கொன்றுவிடுவாள் என்று இல்லை, உபசாரம் அப்படி. இன்னும் கொஞ்சம் சாப்பிடு, நாளைக்குப் போகலாம் என்பாளாம். அந்த நாளை வராதாம்.

"நம்ம அத்தை வீடு மாதிரின்னு சொல்லு" என்றார் வேன் ஓட்டிக்கொண்டிருந்த அண்ணன்காரர். நாத்தனார் தோளில் ஒன்று போட்டாள். கைப்பைக்காரி சிரிக்கவில்லை. நட்சத்திரம் ஒட்டிய கண்ணாடிக்கு அப்பால், வானத்துக்கும் மண்ணுக்கும் இடையில், இன்னொரு நிறம் கோடு போல ஓடத் தொடங்கியிருந்தது. பார்த்ததும் அவளுக்குத் தெரிந்துவிட்டது. பார்த்துக்கொண்டே வந்தாள். அது நீலமாக இல்லை. பச்சையாகவும் இல்லை. பார்க்கப் பார்க்க மாறிக்கொண்டே இருந்தது. இருபத்தாறு நாள் அவள் வெள்ளையாக விட்டுவைத்த இடம்.

ஊருக்குள் இறங்கியதும் எல்லாமே கொஞ்சம் தூக்கத்தில் நடப்பது போல இருந்தது. உப்புக் காற்றில் வெயில் கரைந்து, வீடுகளின் ஓரங்கள் மங்கலாகத் தெரிந்தன. சத்தம்கூட மெத்தையில் போட்ட மாதிரி வந்தது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் கவனித்தாள்: எந்த வீட்டுக்கும் வாசற்படி இல்லை. கதவு நேராக மணலில் முடிந்தது. கடைகளுக்குப் படி இல்லை, பள்ளிக்கூடத்துக்குப் படி இல்லை. சரிவாக ஒரு பலகை, அவ்வளவுதான். டீக்கடைக்காரரிடம் கேட்டதற்கு, படி வைத்தால் கடலுக்குள் இருக்கிறவள் தன் வீடு என்று நினைத்து ஏறி வந்துவிடுவாள் என்றார். டம்ளரைக் கழுவிக்கொண்டே, இன்றைக்கு வெயில் கொஞ்சம் அதிகம் என்கிற குரலில் சொன்னார்.

கடற்கரைக்குப் போகும் வழியில் ஒரு பெரிய பலகை நட்டு, ஊர்ப் படம் எழுதியிருந்தார்கள். வீட்டுக்காரர் அதன் முன்னால் அவளை நிறுத்திப் படம் பிடிக்கத் தயாரானார். அவள் திரும்பிப் பார்த்தாள். பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

அது அவள் கை. ஒரு மயிரிழை பிசகினால்கூடத் தெரியும் அளவுக்குத் தன் கை அவளுக்குத் தெரியும். அந்த வளைவு, அந்த நெளிவு, கிணற்றுக்கு வலப்பக்கம் கோடு கொஞ்சம் தடித்திருப்பது உட்பட. பெயிண்டர் அவள் தாளை அப்படியே பெரிதாக்கியிருந்தார். கடலின் நடுவில், சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு, கறுப்பாக ஒரு வட்டம். சுற்றிலும் பொடி வட்டங்கள். எண்ணினாள். ஒன்பது. அதற்குக் கீழே சிவப்பு எழுத்தில்: படிக்காரியின் படி.

வீட்டுக்காரர் சிரிக்கச் சொன்னார். அவள் சிரித்தாளா அழுதாளா என்று பிறகு அந்தப் படத்தைப் பார்த்தாலும் சொல்ல முடியாது.

அங்கே போக முடியுமா என்று டீக்கடைக்காரரிடம் திரும்பி வந்து கேட்டாள். அங்கே யாரும் போக மாட்டார்கள், சுற்றித்தான் போவார்கள், கிட்டே வரைக்கும் வேண்டுமானால் படகுக்காரம்மா கூட்டிப்போவாள் என்று கையைக் காட்டினார். கரையில் கவிழ்த்துப் போட்ட படகு ஒன்றின் அடிப்பக்கத்தைச் சுரண்டிக்கொண்டிருந்தாள் ஒரு பெண். நாற்பதைத் தாண்டியவள். சுரண்டுகிற தினுசு பிளேடுக்கு உடனே பிடித்துவிட்டது. அவசரமே இல்லை, ஆனால் விட்டதும் இல்லை.

வீட்டுக்காரர் தண்ணீரைப் பார்த்ததும் வேனைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று கண்டுபிடித்தார். நாத்தனார் வாழைப்பழம் சாப்பிட்டது நெஞ்சில் நிற்கிறது என்றாள். ஆக இரண்டு பேர் மட்டும் கிளம்பினார்கள், படகுக்காரியும் அவளும்.

பிற்பகல் சாயத் தொடங்கியிருந்தது. அலை இல்லை, தண்ணீர் மூச்சு விடுவது மட்டும் தெரிந்தது. கரை ஒரு கோடாக மெலிந்துகொண்டே போனது. அந்தக் கோட்டை அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். இந்த வளைவில் பேனாவைத் திருப்பியது, அந்த மூலையில் மூச்சை அடக்கியது எல்லாம் விரல்களுக்கு ஞாபகம் வந்தது. தான் வரைந்த படத்துக்குள்ளேயே ஒரு படகில் போய்க்கொண்டிருப்பது போல இருந்தது அவளுக்கு. கை நீட்டினால் துணியின் மெழுகு வாசனை வரும் போல இருந்தது.

படகுக்காரி பேச்சுக் கொடுத்தாள். இந்த ஊரில் அவள் அம்மா காலத்தில் எந்தப் பெண்ணும் படகில் கால் வைத்ததில்லையாம். படி எங்கே இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. இந்தப் பக்கம் எழும்பலாம், அந்தப் பக்கம் எழும்பலாம். அதனால் கடல் முழுக்கவே பெண்களுக்கு ஆகாது. இவளுக்கோ சின்ன வயதிலிருந்தே அப்பாவோடு போக வேண்டும் என்று ஆசை. அழுதால் அறை விழும். அப்போது பள்ளிக்கூடத்துக்குப் புதிதாக ஒரு படம் வந்தது. டீச்சர் சுவரில் மாட்டினார்.

"எனக்கு ஒம்போது வயசு. எல்லாரும் பள்ளிக்கூடம் எங்க இருக்கு, கிணறு எங்க இருக்குன்னு தேடிட்டு இருந்தாங்க. நான் தண்ணியைத்தான் பாத்தேன். அதுல ஒண்ணே ஒண்ணு இருந்துச்சு. பேர் போடலை. டீச்சர், இதுதான் படின்னு கத்திட்டேன்."

"டீச்சர் என்ன சொன்னாங்க?"

"உக்காருன்னாங்க. ஆனா சாயங்காலத்துக்குள்ள ஊரே பள்ளிக்கூடத்துல நின்னுச்சு. பெரியவங்க விரல் வச்சு அளந்து பாத்தாங்க. அரசாங்கமே போட்டிருக்கு, அப்புறம் என்னன்னுட்டாங்க. அவ இங்கதான் இருக்கான்னா மத்த இடத்துல இல்லைதானே அக்கா? மறுவாரம் எங்கப்பா என்னைத் தூக்கிப் படகுல போட்டாரு. அந்த இடத்தை மட்டும் சுத்திப் போ, மிச்சக் கடல் உனக்குன்னாரு."

இப்போது ஊரில் பாதிப் படகுகள் பெண்கள் ஓட்டுகிறவை என்றாள். சொல்லிக்கொண்டே சுக்கானைத் தள்ளினாள். வெறும் தண்ணீரில், எதுவுமே இல்லாத இடத்தில், படகு ஒரு பெரிய அரைவட்டமாக வளைந்தது. முப்பது வருடத்துக்கு மேலான பழக்கம். அவள் கண் அந்தப் பக்கம் பார்க்கக்கூட இல்லை.

அந்த அரைவட்டத்தைப் பார்த்ததும் கைப்பைக்காரி கரையைத் திரும்பிப் பார்த்தாள். ஒரு நிமிடம், சொல்லாமலே திரும்பிவிடலாம் என்று தோன்றியது. உறுதி என்று ஒரு டிக். இவளுக்கும் நல்லது, தனக்கும் நல்லது. யார் கேட்கப் போகிறார்கள்? கைப்பைக்குள் விரல் போனது, படிவம் தட்டுப்பட்டது. இதே மாதிரிதான் அன்றைக்கும் தோன்றியது, இதே வேகத்தில்தான் கை ஒரு வளையத்தைப் போட்டது என்று நினைவுக்கு வந்தது.

"என்ஜினைக் கொஞ்சம் நிறுத்தும்மா" என்றாள்.

நிறுத்தினாள். சத்தம் போனதும் கடல் ரொம்பப் பெரிதாகிவிட்டது.

"அந்தப் படத்தை வரைஞ்சது நான்தான். அது பாறை இல்லை. படியும் இல்லை. என் பேனாவுல இருந்து விழுந்த மை. சுரண்ட முடியலை, அதனால பாறையாக்கிட்டேன். நாளைக்கு அதை எடுக்கவா வைக்கவான்னு நான் எழுதிக் குடுக்கணும்."

படகுக்காரி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோபம் வரும் என்று இவள் எதிர்பார்த்தாள். கோபம்தான் வந்தது. அந்த முகத்தில் ஒரு வினாடி அப்படி ஒரு கோபம், ஒன்பது வயதுப் பெண்ணிடம் பொம்மையைப் பிடுங்கினால் வரும் கோபம். பிறகு அது எங்கேயோ இறங்கிப் போனது.

"ஏன் விழுந்துச்சு?" என்றாள்.

யாரும் அதுவரை கேட்காத கேள்வி. கேட்கவே வழியில்லாத கேள்வி.

"நான் கடலைப் பாத்ததே இல்லை. எப்படி இருக்கும்னு யோசிச்சேன். கண்ணு ஜன்னலுக்குப் போயிடுச்சு."

படகுக்காரி எழுந்து, துடுப்பை எடுத்தாள். என்ஜினைத் தொடவே இல்லை. இரண்டு தள்ளு, மூன்று தள்ளு. படகின் மூக்கு அரைவட்டத்தை விட்டு உள்பக்கம் திரும்பியது. படகுக்காரியின் கண் இப்போது அந்தப் பக்கம்தான் இருந்தது. படகு வழுக்கிக்கொண்டே போய், நின்றது.

அங்கே ஒன்றுமில்லை. ஆழமான பச்சைத் தண்ணீர். சாய்ந்த வெயில் அதற்குள் இறங்கி, மேலே வெளிச்சம், அதற்குக் கீழே கொஞ்சம் குறைந்த வெளிச்சம், அதற்கும் கீழே இன்னும் குறைந்தது என்று அடுக்கடுக்காகப் போய்க்கொண்டே இருந்தது. இரண்டு பேரும் விளிம்பில் குனிந்து பார்த்தார்கள். எவ்வளவு நேரம் என்று தெரியாது. ஒருவேளை கீழே யாரோ அடுப்பு மூட்டி, தட்டு கழுவி, வருகிறவர்களுக்காகக் காத்திருந்தாலும் ஆச்சரியமில்லை என்று தோன்றும் அளவுக்கு அங்கே அமைதியாக இருந்தது. படகுக்காரி தண்ணீரில் கை விட்டாள். இவளும் விட்டாள். மேலே வெதுவெதுப்பு, முழங்கை வரை போனால் குளிர்ச்சி.

"நல்ல வீடுதான்" என்றாள் படகுக்காரி மெதுவாக. பிறகு கையை உதறிக்கொண்டு நிமிர்ந்தாள்.

"எடுத்துருங்கக்கா."

"எடுத்துட்டா உங்க ஊர்ல மறுபடி எல்லாக் கடலும் ஆகாதுன்னு ஆயிடுமே. அந்தப் பயம்தான் எனக்கு."

"யாரு சொல்லுவா? எங்க வீட்டுக்காரரா? அவரு கரையில வலை பின்னிட்டு இருக்காரு. நான் போகலைன்னா அன்னைக்கு வீட்ல அடுப்பு எரியாது." சிரித்தாள். "நாங்க தண்ணிக்கு வந்தாச்சு. இனிமே எந்தப் பேப்பரும் எங்களை இறக்கிவிடாது. நீங்க உங்க பேப்பரை நேராக்கிக்கங்க."

"ஊர்ல சொல்லுவியா?"

படகுக்காரி துடுப்பைப் படகுக்குள் போட்டாள். "கேட்டா சொல்லுவேன். யாரும் கேக்க மாட்டாங்க. அவளுக்குன்னு ஒரு இடம் குடுத்தாச்சு, இத்தனை வருஷம் அவளும் அங்க இருந்து பழகியிருப்பா. காலி பண்ணுன்னு இப்ப யாரு போய்ச் சொல்றது?"

என்ஜினைக் கிளப்பினாள். கரைக்குத் திரும்பும் வழியில் படகு வேகம் பிடித்தது. அந்த இடம் மறுபடி வந்தது. சொல்லி வைத்த மாதிரி சுக்கான் தள்ளப்பட்டது. படகு அதே பெரிய அரைவட்டத்தைப் போட்டுச் சுற்றிக்கொண்டு போனது. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். முதலில் படகுக்காரி சிரித்தாள், பிறகு இவள். என்ஜின் சத்தத்தையும் மீறிச் சிரித்தார்கள். கரையில் நின்றிருந்த வேன்காரருக்கு, மணலைக் கண்டால் பயப்படும் தன் பெண்டாட்டியா இப்படிச் சிரிக்கிறாள் என்று சந்தேகமாகப் போய்விட்டது.

திரும்பும்போது, நாத்தனார் பின் சீட்டில் தூங்கியதும், அவரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் வேனை ஓரமாக நிறுத்திவிட்டுக் கேட்டார். கடைசியில் அவருக்கு ஒன்றுதான் தெரிய வேண்டியிருந்தது.

"அப்ப மணல் ஒத்துக்காதுங்கறது?"

"மணல் ஒண்ணும் பண்ணாதுங்க."

"முப்பது வருஷம்" என்றார். ஸ்டியரிங்கைக் கொஞ்ச நேரம் தட்டிக்கொண்டிருந்தார். "என்கிட்ட சொல்லியிருந்தா நானும் சேர்ந்து பயந்திருப்பேன்ல. தனியா எதுக்கு?" வண்டியை எடுத்தார். ஆனால் அன்றைக்கு மிச்ச வழி முழுக்க வழக்கத்தைவிட மெதுவாகத்தான் ஓட்டினார்.

திங்கட்கிழமை ஒன்பதரைக்கே அதிகாரியின் அறைக்குப் போனாள். நீக்கம் என்ற கட்டத்தில் டிக் போட்டிருந்தாள். காரணம் என்ற இடத்தில், வரைபட எழுத்தில், ஒவ்வொரு எழுத்தும் ஒரே உயரத்தில் எழுதியிருந்தாள்: "இங்கே பாறை இல்லை. என் பேனாவிலிருந்து சிந்திய மை. பாறைக் குறியாக மாற்றியது நான்."

அதிகாரி இரண்டு தடவை படித்தாள். கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தாள். பழைய தாளில் இல்லாததால் நீக்கம் என்று மட்டும் எழுதினால் போதும், யாரும் கேட்க மாட்டார்கள், ஓய்வுக்கு நாலு மாதம்தான் இருக்கிறது என்று தயங்கித் தயங்கிச் சொன்னாள். கண்டிப்பான பெண் என்று பெயர் வாங்கியவள், அதைச் சொல்ல எவ்வளவு கஷ்டப்பட்டாள் என்பது பார்த்தாலே தெரிந்தது.

"நீங்க நல்லதுக்குத்தான் சொல்றீங்க மேடம். ஆனா அது அப்படியே இருக்கட்டும்."

"மெமோ வரும் மேடம். ஃபைல்ல ஏறும்."

"ஏறட்டும்."

அதிகாரி கணினியைத் திருப்பினாள். திரையில் பதினேழாம் தாள் இருந்தது, பெரிதாகவும் வெளிச்சமாகவும். கடலில் அந்தப் புள்ளி, சுற்றி ஒன்பது பொடிப் புள்ளிகள். பிளேடு இல்லை, பொடி இல்லை, ஊதவும் வேண்டியிருக்கவில்லை. ஒரு சொடுக்கு. இருந்த இடம் தெரியாமல் போனது. திரை முழுக்க வெள்ளை.

அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். நெஞ்சு லேசாகும் என்று நினைத்திருந்தாள். லேசாகத்தான் ஆனது, ஆனால் அதைவிட அதிகமாக வேறு ஒன்று நடந்தது. அந்த வெள்ளை அவளுக்கு வெள்ளையாகத் தெரியவில்லை. மேலே வெதுவெதுப்பாகவும் முழங்கைக்குக் கீழே குளிர்ச்சியாகவும் இருந்தது.

"நேத்து அங்க போயிருந்தீங்களாமே, உங்களை இறக்கிவிட வந்த வீட்டுக்காரர் கீழ எல்லார்கிட்டயும் சொல்லிட்டு இருந்தாரு" என்றாள் அதிகாரி. "எப்படி இருக்கும் மேடம் அந்த இடம்? நான் பாத்ததே இல்லை."

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். இத்தனை வருடத்தில் அந்த அறையில் அவள் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

"பச்சைன்னு சொல்ல முடியாதும்மா" என்று ஆரம்பித்தாள்.